சித்தி, வழக்கப்படி

கோமதிநாயகத்தின் அலமாரியில் ஏழு பேர் குடியிருந்தார்கள். ஏழு பேரும் ஈயம். ஒவ்வொருவரையும் சணல் நூலால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டி, துண்டுத் தாளில் பேரெழுதி மேலே வைத்திருந்தார். அம்மா. மாமா. சித்தி. ஏழை வாத்தியார். வேலைக்காரக் கிழவன். கெட்டுப்போனவள். கதாநாயகி, நிலவில்.

மாட்டுங்காவில் ஜெயமணி அச்சகத்தில் அவர் கம்பாசிட்டர். கல்யாணப் பத்திரிகை, சங்கத்து நோட்டீஸ், கருமாதிக் கார்டு என்று எது வந்தாலும் அவர் விரல் பட்டுத்தான் வெளியே போகும். மாதம் ஒரு தடவை 'நித்திலம்' பத்திரிகை. எண்ணூறு பிரதி. மாட்டுங்கா, செம்பூர், சயான் என்று தமிழர் வீடுகளுக்குப் போகும். அதில் ஓயாமல் தொடர்கதை எழுதியவர் அனந்தநாராயணன். கோட்டைப் பக்கம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஹெட் கிளார்க்.

அச்சுக் கோப்பது என்றால் பெட்டியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக எடுத்து, தலைகீழாக, வலம் இடம் மாற்றி அடுக்குவது. அச்சடித்து முடிந்ததும் கட்டைப் பிரித்து, எழுத்துகளை அவையவை அறையில் திரும்பப் போட வேண்டும். கோமதிநாயகம் அந்த ஏழு கட்டுகளை மட்டும் பிரிப்பதில்லை. காரணம் சோம்பேறித்தனம் இல்லை. அடுத்த மாதம் அதே வரிகள் மறுபடியும் வரும் என்று அவருக்குத் தெரியும்.

முதலில் தன் நினைவுதான் குழம்புகிறது என்று நினைத்தார். பழைய இதழ்களை எடுத்து ஒத்துப் பார்த்தார். 1960லிருந்து அனந்தநாராயணனின் ஐந்து கதைகளில் 'மஞ்சள் பூசிய முகத்தில் பசியை மறைத்துச் சிரிக்கும் அம்மா' பத்தொன்பது இடத்தில் இருந்தாள். சித்தி ஏழு இடத்தில். தயங்கித் தயங்கித்தான் அதைக் கதாசிரியரிடம் சொன்னார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தார்.

அனந்தநாராயணன் பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே சந்தோஷப்பட்டார்.

"கட்டியே வச்சிருக்கேளா? ரொம்ப நல்லதாப் போச்சு, நாயகம். எனக்குக் கை வலி மிச்சம்."

"வாசிக்கிறவங்க கண்டுபிடிச்சிர மாட்டாங்களா சார்?"

"கண்டுபிடிக்கணும்கறேன். ஆள் யாருன்னு மூணாவது வரியிலே தெரிஞ்சுடணும். தெரிஞ்சாத்தான் நிம்மதியா அழ ஆரம்பிப்பா. சித்தின்னா சூடு போடுவா. மாமான்னா கெட்ட கண்ணு. வேலைக்காரக் கிழவன் எஜமானுக்காகச் சாவான். இதை மாத்திப் பாருங்கோ, அடுத்த மாசம் சந்தா வராது."

அன்றிலிருந்து கையெழுத்துப் பிரதியில் அந்த இடங்களில் பச்சை மையில் சுருக்கமாக ஒரு குறிப்புத்தான் இருக்கும்: 'அம்மா, வழக்கப்படி.' 'மாமா, வழக்கப்படி.' கோமதிநாயகம் அலமாரியைத் திறந்து ஆளை எடுத்து வைப்பார். ஒரு மணி நேர வேலை ஒரு நிமிஷத்தில் முடியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவர் மனைவி பேராச்சிக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்கு வாசிக்க வராது. இரண்டாம் தாரம். 1947ல் ஏர்வாடிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவள். வந்து இறங்கிய அன்று அவள் கையில் ஒரு டிரங்குப் பெட்டி. தாராவியில் பத்துக்குப் பத்து அறை, அந்த ஊர்ப் பேச்சில் கோலி. அதில் அவளுக்காக நாலு வயதுப் பிள்ளை காத்திருந்தான். மூத்தவள் விட்டுப்போன பிள்ளை, பிரம்மநாயகம். பேராச்சிக்கு அப்போது வயது பதினெட்டு. கேட்டால் பதினாறு என்பாள். முப்பத்தைந்திலும் இருபத்தெட்டு என்றுதான் சொன்னாள்.

தோல் மண்டியில் உப்புத் தட்டும் வேலைக்குப் போனாள். உப்பு தின்று உள்ளங்கை வெடித்திருக்கும். இரண்டு மூக்கிலும் சிவப்புக்கல் மூக்குத்தி. வலது மணிக்கட்டைச் சுற்றி வெந்த தழும்பு. மத்தியானம் மண்டியில் சாப்பாட்டு நேரம் விட்டால் அலுமினியத் தூக்குவாளியோடு மாட்டுங்காவுக்கு நடந்து வந்து புருஷனுக்குச் சோறு கொடுப்பாள். வழியிலேயே தான் சாப்பிட்டு முடித்திருப்பாள்.

"புருசன் சாப்பிடுமுன்ன சாப்பிட்டுட்டியா?" என்று மிஷின்மேன் கரீம் பாட்சா கிண்டல் செய்வார். கடையநல்லூர்க்காரர். டிரெடில் மிஷினை மிதித்து மிதித்து ஒரு கால் மட்டும் தடித்துப் போனவர்.

"பசிச்சா நான் நிக்க மாட்டேன், பாய். இவுக பசிச்சா வாசல்ல நின்னு பாப்பாக. ஆளுக்கொரு சுபாவம்."

அப்படி ஒரு மத்தியானம்தான் கரீம் பாட்சா அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்டார். 1964 பிப்ரவரி. புரூப் திருத்துவதற்காக அனந்தநாராயணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பேராச்சி ஒளிக்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"வந்த புதுசு. கஞ்சி வடிக்கேன். இந்தப் பய பின்னால வந்து பானையப் புடிச்சுத் தொங்குதான். கையக் குடுத்துத் தடுத்தேன். பாதி எங்கையில, பாதி அவன் முதுகுல. அன்னைக்கு ரெண்டு பேரும் அழுத அழுகையில பக்கத்துக் கோலிக்காரி போலீசக் கூப்பிடப் போயிட்டா. பெறவு அவன் முதுகுக்கு நான் ஊதுவேன், எங்கைக்கு அவன் ஊதுவான். ஊதி ஊதி எச்சிதான் மிச்சம்."

அனந்தநாராயணன் தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு பழைய டிக்கெட்டின் பின்னால் ஏதோ குறித்துக்கொண்டார்.

ஏப்ரலில் புதிய தொடர்கதை. ஜூன் அத்தியாயத்தின் பிரதி மூன்று நாள் தாமதமாக வந்தது. பதினாலு பக்கம். முதலாளி வேங்கடசுப்ரமணியன் நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாம் பக்கத்தில் பச்சை மை: 'சித்தி, வழக்கப்படி. கூடச் சேர்க்க: இரு மூக்கிலும் சிவப்புக்கல். வலது மணிக்கட்டில் வெந்த தழும்பு. கையில் அலுமினியத் தூக்குவாளி.'

கோமதிநாயகம் அலமாரியைத் திறந்தார். கட்டை எடுத்தார். நூலை அவிழ்த்தார். மூன்று வரிகளைச் சேர்த்துக் கோத்தார். கம்பாசிட்டர் எழுத்தைப் பார்ப்பானே தவிர வாக்கியத்தைப் பார்க்க மாட்டான். பார்த்தால் வேலை ஓடாது. மணிக்கட்டு என்று கோக்கும்போது 'ணி' தீர்ந்துபோய், வேறு பெட்டியிலிருந்து கொஞ்சம் தடித்த ஒன்றை எடுத்துப் போட்டது மட்டும் அவருக்குப் பின்னால் நினைவிருந்தது. அந்த மணிக்கட்டு யாருடையது என்று தோன்றவில்லை.

கதையில் அந்தச் சித்தி, மூத்தாள் மகளைக் கரண்டியைக் காய்ச்சி முதுகில் சுட்டாள். மகனை மகளாக மாற்றியிருந்தார் அனந்தநாராயணன். மகன் சூடுபட்டால் அவ்வளவு கண்ணீர் வராது.

மை சரியாக விழாத பிரதிகளைக் கோமதிநாயகம் வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். பக்கத்துக் கோலி முருகம்மாள் அதை வாங்கிக்கொள்வாள். அஞ்சாம் கிளாஸ் படித்தவள். அந்தச் சந்தில் வாசிக்கத் தெரிந்த ஒரே பொம்பளை. குழாயில் தண்ணீர் வரும்வரை குடங்கள் வரிசையில் நிற்க, அவள் சத்தமாக வாசிப்பாள். மற்றவர்கள் கேட்பார்கள்.

ஜூன் கதையை வாசித்தபோது பேராச்சியும் வரிசையில் இருந்தாள். மூக்குத்தி வந்ததும் அவள்தான் முதலில் சிரித்தாள்.

"யாருட்டி இவ, என்னைய மாதிரியே இருக்கா?"

தழும்பு வந்தது. தூக்குவாளி வந்தது. பிறகு கரண்டி வந்தது. யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள். பிரம்மநாயகத்தின் முதுகை எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் சட்டையில்லாமல் நடப்பவன்.

"கதைதான, அது சும்மா எழுதுதது," என்றாள் பேராச்சி.

"சும்மாவா?" என்றாள் முருகம்மாள். "உன் புருசன் கையால போட்ட பொஸ்தகம்தான இது? அண்ணாச்சிக்குத் தெரியாமலா அச்சுல ஏறும்?"

சாயங்காலம் பேராச்சி புருஷனிடம் கேட்டாள்.

"இந்தாருங்க. இது நீங்க போட்டதா?"

"ஆமா."

"வாசிச்சுட்டா போட்டிய?"

"கம்பாசிட்டர் வாசிக்க மாட்டான்."

"அப்பச் சரி," என்றாள். அதன்பிறகு அதைப் பற்றி அவள் அவரிடம் பேசவே இல்லை.

கோமதிநாயகம் மறுநாள் அனந்தநாராயணனிடம் போய் நின்றார். அடுத்த அத்தியாயத்திலாவது மாற்றச் சொன்னார். "லோகத்துல மூக்குத்தி போட்டுண்டவ உம்ம ஆத்துக்காரி ஒருத்திதானா?" என்றார் அவர். "வெறும் சித்தி வாசகன் கண்ணுக்குத் தெரிய மாட்டா. ரெண்டு அடையாளம் சேர்த்தா எழுந்து நடப்பா. அதுதான் கலை."

எழுந்துதான் நடந்தாள். குழாயடி வரிசையில் பேராச்சியின் குடத்தைப் பின்னால் நகர்த்தினார்கள். பிள்ளைகளை அவள் பக்கம் விடவில்லை. பிரம்மநாயகத்துக்கு வயது இருபத்தொன்று. செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் டிராயிங் போடுபவன். குழாயடிக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிக் காட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னான். கோடு போட்ட மாதிரி சொன்னான். பொம்பளைகள் அவனைப் பாவமாகப் பார்த்தார்கள். ஜூலை இதழில் அந்த மகளும் பக்கத்து வீட்டாரிடம் 'சித்தி நல்லவள்' என்றுதான் சொல்லியிருந்தாள். பயந்த பிள்ளை அப்படித்தான் சொல்லும் என்று கதையிலேயே இருந்தது.

பேராச்சி சண்டை போடத் தெரியாதவள் இல்லை. முருகம்மாளை ஒரு தடவை முடியைப் பிடித்து இழுத்தாள். அதுவும் சித்தி செய்யும் காரியமாகவே ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் குழாய்க்குப் போகவில்லை. தண்டவாளத்தைத் தாண்டி சயான் ஓரம் இருந்த குழாய்க்குப் போனாள். இரண்டு குடம், ஒன்று தலையில், ஒன்று இடுப்பில்.

ஆகஸ்ட் பதினொன்று. காலை ஐந்து நாற்பது. மழை. பேராச்சி முக்காடாகப் போட்டிருந்த சாக்கு காதை மூடியிருந்தது. டிரைவர் விசில் கொடுத்ததாகச் சொன்னார்கள். கொடுத்திருப்பார். பித்தளைக் குடம் இருபது கஜம் தள்ளிக் கிடந்தது. நசுங்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் போனபிறகு பிரம்மநாயகம் ஜூன் இதழை எடுத்துவந்து அப்பாவின் முன்னால் போட்டான். அதுவரை அவன் அழுது யாரும் பார்க்கவில்லை. அப்போதும் அழவில்லை.

"எழுதுனது அவரு. கோத்தது யாரு?"

கோமதிநாயகம் இதழைக் கையில் எடுத்தார்.

"நீங்கதான கோத்திய?"

"ஆமா."

"வாசிக்காமலா?"

"ஆமா."

"இப்ப வாசிங்க," என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போனான்.

கோமதிநாயகம் வாசித்தார். முப்பது வருஷத் தொழிலில் தான் கோத்த ஒன்றை உட்கார்ந்து அர்த்தம் புரிய வாசித்தது அதுதான் முதல் தடவை. ஐந்தாம் பக்கத்தில் அந்தத் தடித்த 'ணி' மட்டும் கறுப்பாகத் துருத்திக்கொண்டு நின்றது.

அழுகை வருகிறது என்று முதலில் நினைத்தார். இரண்டு நாள் பொறுத்துத்தான் அது அழுகையில்லை என்று தெரிந்தது. அனந்தநாராயணனை அடிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அடித்தால், அடித்தவன் தாராவிக்காரன், அடிபட்டவர் எழுத்தாளர். அதற்கும் அவரிடம் ஒரு கட்டு தயாராக இருக்கும். பேராச்சிக்கு நடந்ததே அவருக்கும் நடக்க வேண்டும். எண்ணூறு பிரதியில் நடக்க வேண்டும்.

அவர் வேலைக்குத் திரும்பினார். அனந்தநாராயணன் துக்கம் விசாரித்தார். "பாவம், நல்ல மாதிரி. எப்பவும் சிரிச்சுண்டு இருப்பா," என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். கதைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு குழாய் இருந்தது அவருக்குத் தெரியாது. கோமதிநாயகம் சொல்லவும் இல்லை.

கடைசி அத்தியாயம் தீபாவளி மலரில் வந்தது. சித்தி பைத்தியம் பிடித்து, மகளின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுச் செத்துப்போனாள். கோமதிநாயகம் ஒவ்வொரு சொல்லாக வாசித்துக்கொண்டே கோத்தார். பாதி வேகம்தான் வந்தது. பதினோராம் பக்கத்தில் அவர் எதிர்பார்த்திருந்த பச்சை மை: 'மாமா, வழக்கப்படி.'

கட்டை எடுத்து வைத்தார். 'பட்டு அங்கவஸ்திரமும் சந்தனக் கீற்றுமாகப் பார்வைக்குப் பெரிய மனிதர். வேலைக்கு வரும் பெண்களைக் கண்டால் அந்தப் பார்வை வேறாகிவிடும்.' புரூப் போனது. அனந்தநாராயணன் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினார். கையெழுத்துக்குப் பிறகு, கோத்து இறுக்கிய பக்கங்களை, பாரத்தை, மிஷினில் ஏற்றும்வரை அது கம்பாசிட்டர் கையில்தான். கோமதிநாயகம் நிலவைப் பற்றிய மூன்று வரிகளை உருவினார். அந்த இடத்தில், மாமாவுக்குக் கீழே, வேறு மூன்று வரிகளைச் சொருகினார். இடக்கைச் சுண்டுவிரலில் அரை அங்குலம் நீட்டி வளர்த்த நகம். யானை பொறித்த வெள்ளிப் பொடி டப்பா. தினமும் ஒன்பது எட்டு லோக்கல் ரயிலில் இரண்டாவது பெட்டி, ஜன்னலோரம்.

முதல் தாள் மிஷினிலிருந்து விழுந்தது. கரீம் பாட்சா வழக்கம்போல மை பார்க்க எடுத்தார். காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டார்.

"நாயகம். இது யாரு?"

"மாமா."

"இந்த நகம் யாருக்கு இருக்குன்னு இந்த ஏரியாவுல பச்சப் புள்ளைக்கும் தெரியும். அந்த மனுசன் பொம்பள விசயத்துல சுத்தம். அதையும் எல்லாரும் சொல்லுவாங்க."

"ஆமா. சுத்தம்தான்."

"அப்ப இது பொய்யில்லையா?"

"பொய்தான். பேராச்சி கரண்டியக் காய்ச்சினாளா?"

கரீம் பாட்சா தாளை மடித்து வைத்தார். "அந்த வீட்லயும் ஒரு அம்மா இருக்கு," என்றார்.

"எங்க வீட்லயும் இருந்தா."

கரீம் பாட்சா காலை மறுபடியும் மிதியில் வைத்தார். மிஷின் ஓடத் தொடங்கியது. எண்ணூறு பிரதி.

தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் வேலை நடந்தது. ஒன்பது எட்டு லோக்கலில் பத்து வருஷமாகக் கூடப் போகிறவர்கள் அனந்தநாராயணனைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர், "மாமா வரார், ஜன்னலை விடுங்கோ," என்றாராம். தன்னைத்தானே அப்படி யாராவது எழுதுவார்களா என்று யாரும் யோசிக்கவில்லை. மனசாட்சி உறுத்தி எழுதிவிட்டார் என்றே பேசினார்கள். வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் நின்றுவிட்டாள். அவர் மனைவி மீனாட்சியம்மாளிடம் பாட்டுக் கற்றுக்கொள்ள ஒன்பது பெண்கள் வருவார்கள். இரண்டு பேர் மிஞ்சினார்கள். பிறகு அவர்களுக்கும் ஜுரம் வந்துவிட்டது.

கோமதிநாயகத்துக்கு எல்லாம் காதில் விழுந்தது. பாட்டு நின்றதைக் கேட்டபோது ஒரு கணம் கை நின்றது. பிறகு எழுத்து எடுக்கத் தொடங்கினார். எதிர்பார்த்த அளவு நிறைவு வரவில்லை. ஆனாலும் வந்தது. அதை அவர் மறுக்க மாட்டார்.

அனந்தநாராயணன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அச்சகத்துக்கு வந்தார். நகத்தை வெட்டியிருந்தார். முதலாளி கூடவே எழுந்து வந்தார்.

"நான் உமக்கு என்னய்யா பண்ணினேன்?"

கோமதிநாயகம் எழுத்து கோக்கும் ஸ்டிக்கைக் கீழே வைத்தார். ஜூன் இதழிலிருந்து தொடங்கினார். குழாய், முருகம்மாள், சயான் குழாய், ஐந்து நாற்பது. குரலை உயர்த்தவில்லை. தேதி தேதியாகச் சொன்னார். கேட்கக் கேட்க அனந்தநாராயணன் பக்கத்தில் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாது, நாயகம்."

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும்."

"இந்த இதழ் முடிஞ்சதும் நீ கிளம்பிக்கோ," என்றார் முதலாளி. "அதுக்கு முன்னாடி சாருக்கு ஒரு மறுப்புப் போட்டுக் குடு."

"போடுதேன். அவளுக்கும் சேத்து. ரெண்டும் ஒரே மறுப்புல. சார் பேரு கீழ இருக்கணும்."

"நான் மாட்டேன்னா?" என்றார் அனந்தநாராயணன்.

"எண்ணூறு பேர்கிட்ட சொல்ல எனக்கு இனி ஒண்ணுமில்ல, சார். நீங்கதான் தினமும் ஒன்பது எட்டு ரயில்ல போகணும்."

அனந்தநாராயணன் அங்கேயே தாள் கேட்டார். வேகமாக எழுதினார். பக்கம் நிரம்பியதும் நீட்டினார். கோமதிநாயகம் வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கட்டை எடுத்துவந்து, மை தடவி, ஒரு தாளை வைத்து அழுத்தி எடுத்து, அவர் எழுதியதற்குப் பக்கத்தில் வைத்தார்.

மஞ்சள் பூசிய முகம். பசியை மறைத்த சிரிப்பு. தான் பெறாத பிள்ளைக்காகத் தன்னையே உருக்கிக்கொண்ட மெழுகுவர்த்தி. மெழுகுவர்த்தி மட்டும்தான் புதிது.

"இது உங்க அம்மா, வழக்கப்படி," என்றார் கோமதிநாயகம். "எங்க வீட்டுக்காரி இல்ல."

"உயர்வாத்தானே எழுதியிருக்கேன்."

"அவ பசிய மறைக்க மாட்டா சார். முதல்ல சாப்பிட்டுருவா. மிச்சமிருந்தாத்தான் எனக்கு. வயசக் கேட்டா பொய் சொல்லுவா. சீட்டாட்டத்துல பாய்கிட்டயே ஏமாத்துவா. பையன் பரீட்சையில தவறுனப்ப வெளக்கமாத்தால அடிச்சா. அடிச்சுட்டு அவன் புஸ்தகத்த எடுத்துவச்சுப் படம் பாத்துக்கிட்டே விடியவிடிய உக்காந்திருந்தா, அவளுக்கு வாசிக்கவும் தெரியாது."

அனந்தநாராயணனின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

"இதெல்லாம் போட்டா வாசிக்கறவாளுக்கு இரக்கம் வராதே, நாயகம். இவ யாருன்னே பிடிபடாது."

"இரக்கம் நான் கேக்கல. பிடிபடவும் வேண்டாம்."

பேனா நகரவில்லை. அவர் முயன்றுதான் பார்த்தார். அடித்து அடித்து எழுதி, தாளைக் கசக்கினார். இருபது வருஷம் எழுதியவருக்கு, அந்த ஏழு கட்டுகளில் இல்லாத ஒருத்தியை எழுத வரவில்லை. கடைசியில், "நீரே போட்டுக்கொள்ளும்," என்றார்.

கோமதிநாயகம் கையெழுத்துப் பிரதி இல்லாமல், நேராகப் பெட்டியிலிருந்து எடுத்துக் கோத்தார். அரை மணி நேரம் ஆனது. புரூப் எடுத்துக் கொடுத்தார்.

'என் கதையில் வந்த சித்தி கற்பனை. அவளுக்கு நான் கொடுத்த மூக்குத்தி, தழும்பு, தூக்குவாளி மூன்றும் தாராவியில் இருந்த பேராச்சியுடையவை. கேட்காமல் எடுத்தேன். பேராச்சி யாரையும் சுட்டதில்லை. கொதிக்கும் கஞ்சிக்கும் பிள்ளைக்கும் நடுவில் கையை நீட்டினாள். ஜூன் இதழுக்குப் பிறகு குழாயடியில் அவளைப் பழித்தார்கள். முதலில் பழித்தவள் முருகம்மாள். அதனால் பேராச்சி வேறு குழாய்க்குப் போனாள். ஆகஸ்ட் பதினொன்று காலை ரயிலில் அடிபட்டுச் செத்தாள். கோபக்காரி. பசித்தால் முதலில் சாப்பிடுவாள். தீபாவளி மலரில் மாமாவுக்குச் சேர்ந்த மூன்று வரிகள் என்னுடையவை அல்ல. கோத்தவன் சேர்த்தான். அவையும் பொய். ஜூன் வரிகளைக் கோத்தவனும் அவனே. வாசிக்காமல் கோத்தான். அவன் பேராச்சியின் புருஷன், கோமதிநாயகம்.'

"இதுக்குக் கீழ என் பேர் வந்தா, அப்புறம் நான் கதை எழுத முடியாது," என்றார் அனந்தநாராயணன்.

"ஆமா."

"உமக்கும் எந்த அச்சகத்துலயும் வேலை கிடைக்காது."

"ஆமா."

வெகுநேரம் கழித்து அவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். எழுந்து போகும்போது கரீம் பாட்சா கதவைத் திறந்துவிட்டார். கோமதிநாயகம் திறக்கவில்லை.

இதழ் வந்தது. ரயிலில் அனந்தநாராயணனுக்கு மறுபடியும் ஜன்னலோரம் கிடைத்தது. யாரும் கிண்டல் செய்யவில்லை, யாரும் கதையைப் பற்றிக் கேட்கவும் இல்லை. பாட்டுக்கு நாலு பெண்கள் திரும்பி வந்தார்கள். கோமதிநாயகம் வேலையை விட்டு வெளியே வந்தார். கையில் ஒரே ஒரு பிரதி. மை சரியாக விழுந்த பிரதி.

மறுநாள் விடிந்ததும் குழாயடிக்குப் போனார். ஆம்பளை யாரும் வராத இடம். வரிசையில் இருந்தவர்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கினார்கள். அவர் முருகம்மாளிடம் நேராகப் போய்ப் பிரதியை நீட்டினார்.

"வாசி."

அவள் கண்ணை ஓட்டினாள். "அண்ணாச்சி, இதுல எம்பேரு..."

"ஆமா. சத்தமா வாசி."

அவள் வாசித்தாள். தன் பேர் வந்த இடத்தில் குரல் இறங்கியது. கோமதிநாயகம் அந்த வரியை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். நடுவில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. யாரும் குடத்தை நகர்த்தவில்லை. தண்ணீர் தரையில் ஓடியது. கடைசி வரியில் அவர் பேர் வந்தபோது எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனியவில்லை.

முருகம்மாள் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"போதுமா அண்ணாச்சி?"

"அந்தக் கதைய இங்க எத்தன நாளு வாசிச்ச?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லப் பார்த்து, பின்னால் நின்றவர்களைப் பார்த்து, சொல்லாமல் விட்டாள்.

"கேக்கக் கேக்க வாசிச்சேன். ஒரு மாசம் இருக்கும்."

கோமதிநாயகம் பிரதியை மறுபடியும் அவள் கையிலேயே வைத்தார்.

"அப்ப இன்னும் இருபத்தொம்பது நாள் இருக்கு. நாளைக்கும் வருவேன்."